ஹமசாகா துறைமுகம், புகார்ப் பிரிவு

நவம்பர் ஆறாம் தேதி வலை இறங்கும்.
எட்டாம் தேதியிலிருந்து என் தொலைபேசி அலறும்.

"நண்டு முதுகில் கறுப்புக் கறுப்பாய் என்னவோ,
மிளகை அள்ளி ஒட்டவைத்த மாதிரி.
நோயா? நஞ்சா? பணம் திரும்ப வருமா?"

நோயில்லை அம்மா.
அட்டையின் முட்டைக்கூடு அது.
(மறுமுனையில் மௌனம். எப்போதும் இந்த இடத்தில்தான்.)
அட்டை நண்டைக் கடிக்காது.
அது குடிப்பது மீனின் ரத்தம்,
நண்டிடம் கேட்பது முதுகை மட்டும்.

இருநூற்றைம்பது மீட்டர் கீழே
கடலடி முழுக்கச் சேற்று மெத்தை.
மெத்தையில் வைத்தாலும் அட்டை தங்காது,
முட்டையிட அதற்கொரு கல் வேண்டும்.
கல்லில்லாத ஊரில்
நண்டுதான் கல்.
நடக்கும் கல்.

புள்ளி நிறைந்தால் சதை நிறைந்தது என்று
பெட்டிக்குள் வைக்கும் தாளில் அச்சடித்திருக்கிறோம்.
பாதி உண்மை.
மீதிப் பாதி இது:
ஓடு கழற்றும் ஒவ்வொரு முறையும்
குடியிருந்தவர்களையும் சேர்த்துக் கழற்றிவிடும் நண்டு.
இனி வளர்வதில்லை என்றான பிறகு
கழற்ற ஏதுமில்லை.
அப்புறம் வருகிறவர்கள் வந்தவர்கள்தான்.
அட்டை வரும், சிலதில் கொட்டலசும் வரும்,
வாடகை கேட்க யாருமில்லை.

தரம் பிரிக்கும் கொட்டகையில்
மிசுஹோ பல் தேய்க்கும் பிரஷால் தேய்க்கிறாள்.
முட்டை போவதில்லை,
ஓட்டின் நிறம்தான் போகிறது.
ஒருநாள் ஒரு பெண் நண்டைத் திருப்பிக் காட்டினாள்.
வயிற்றில் தன் முட்டை,
முதுகில் பிறத்தியார் முட்டை.
மூன்று பிள்ளைகளும் மாமியாரும் உள்ளவள்,
என்னைப்போல என்று சொல்வாளென நினைத்தேன்.
"இந்த அளவுக்கு விலை குறைவு" என்றாள்,
அடுத்த கூடையை இழுத்தாள்.

ஜனவரியில், பனி ஜன்னலை மூடிய மதியம்,
ஹிமெஜியிலிருந்து ஒரு பையன்.
பெரியவர்கள் குரலைப் போலப் பேசப் பார்த்தான்.
"உங்கள் அட்டைப் பெட்டிக்குள் அட்டை இருக்கிறது."
மன்னிக்கவும், உடனே வேறு...
"மூன்று. நூல் மாதிரி.
ஒன்று வாலில் எழுந்து நின்று
அங்கேயும் இங்கேயும் தேடுகிறது.
என்ன சாப்பிடும்?"

தாளைப் புரட்டினேன்.
இந்தக் கேள்விக்கு அதில் பதிலில்லை.
பக்கத்தில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த
படகுக்காரன் கதோவாக்கியிடம் கேட்டேன்.
சிரித்தான், பிறகு சிரிக்காமல் சொன்னான்:
மீன் ரத்தம். உப்புத் தண்ணீர். இருட்டு.
கை மரத்துப்போகும் குளிர்.
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
பென்சில் காகிதத்தில் உரசுவது கேட்டது.
"அப்புறம்?"
அப்புறம், பிடித்துக்கொள்ள ஏதாவது கெட்டியாக.
"ஓடு இருக்கிறது.
அப்பா உள்ளே இருந்ததைத் தின்றார்,
சாகே ஊற்றிச் சூடாக்கி அதையும் குடித்தார்.
கழுவிக் கொடுத்தால் பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.
பிழைக்காது என்று சொல்லியிருக்கலாம்.
கதோவாக்கி என் முகத்தைப் பார்க்காமல்
கிண்ணத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பண்டமாற்று, பணம், விளக்கம்.
எதிலும் குறியிடவில்லை.

"குதிக்கிறது, கேளுங்கள்" என்று
பெட்டிக்குள் தொலைபேசியை வைத்தான் பையன்.
ஃபிரிட்ஜ் இரைவது கேட்டது,
எங்கோ ஒரு கதவு சாத்தியது.
கேட்கிறதா, கேட்கிறதா என்றான் தூரத்திலிருந்து.

இரண்டாம் இணைப்பில் சிவப்பு விளக்கு மினுங்கியது.
யாரோ புள்ளிகளை எண்ணி முடித்துவிட்டார்கள்.
மினுங்கட்டும் என்று விட்டுவிட்டு
காதை இன்னும் அழுத்திக்கொண்டேன்.